நூறு வயதுப் படத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம்

எங்கள் ஊரில் வயதுக்குப் பஞ்சமே கிடையாது. கோயில் என்றால் ஆயிரம் வருஷம், குளம் என்றால் அதற்கும் மேல். காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களைக் கோபுர வாசலில் பிடித்துக்கொள்ளும் கைடுகள், கேட்பவர் முகம் எவ்வளவு மலர்கிறது என்று பார்த்து இன்னும் ஐந்நூறைச் சேர்த்துவிடுவார்கள். அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிற எனக்கு இதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நடக்கத் தெரியாது. நின்று, "எந்தக் கல்வெட்டுல இருக்குதுபா?" என்று கேட்டுத் தொலைப்பேன். அதனால் என் தலை தெரிந்தாலே அவர்கள் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

இந்த வாய்த்துடுக்கை வெளியோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா வீட்டிலும் காட்டினேன். அதில் வந்ததுதான் இவ்வளவும்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார், பாதி மரியாதை, பாதி கிண்டல். பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறார். பரம்பரையாகத் தறி போட்ட குடும்பம், இன்றைக்கும் வீட்டின் பின்கட்டில் தறி ஓடுகிறது. கடை சின்னதுதான் என்றாலும் நல்ல பெயர் உண்டு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எதிர்க் கடைக்காரர் தன் வாசலில் 'எழுபத்தைந்து ஆண்டுப் பாரம்பரியம்' என்று விளக்குப் பலகை மாட்டிவிட்டார். ராத்திரியெல்லாம் அந்த எழுபத்தைந்து பச்சையும் சிவப்புமாக மினுக்கியது. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவனுக்கு எழுவத்தஞ்சுன்னா நமக்கு நூறு டீச்சரம்மா. வாயால சொல்லல, ஆதாரத்தோட சொல்றேன்" என்றார்.

அவர் ஆதாரம் என்றது கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை. ஒரு பெண், ஒரு வாசலில் நிற்கிறாள். முகத்தில் ஈரம் பட்டுப் பூத்துப்போய், மூக்கும் கண்ணும் இருக்கிற இடம் மட்டும் தெரியும். ஆனால் கட்டியிருக்கிற சேலை அப்படியே பளிச்சென்று இருக்கும். கரையில் ருத்திராட்சக் கொட்டைகள் வரிசை பிசகாமல் ஓடுவதை எண்ணிவிடலாம். அவர்தான் மாமாவின் கொள்ளுப்பாட்டி, வீடு வீடாகச் சேலை சுமந்து விற்று, பிறகு வாசலிலேயே கடை போட்டவர், கடை திறந்த அன்று எடுத்த படம் அது என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை விழும். சுற்றிலும் சீரியல் பல்பு வேறு.

எப்படித் தெரியும் என்று கேட்டால், சேலையை வைத்துத்தான். மாமாவின் அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பழைய அரக்குச் சேலை இருந்தது. அதன் மடிப்புக்குள் இந்தப் படம் இருந்தது. அந்தச் சேலை கொள்ளுப்பாட்டியின் கல்யாணத்துக்கென்று நெய்தது என்பது அந்தக் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. படத்தில் இருக்கிறவள் கட்டியிருப்பதும் அதே சேலை. அப்புறம் என்ன சந்தேகம்? கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ, இது கொள்ளு ஆயா" என்றார்கள். படம் கல்லாவுக்கு மேலே ஏறிவிட்டது.

இது எங்கள் ஊர்ப் புத்தி. இங்கே கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பார்க்கமாட்டார்கள். "உடம்புக்கும் கரைக்கும் கோர்வை நல்லா விழுந்திருக்குது, யாரு தறி?" என்பார்கள். தெருவில் எதிரே வருகிற பெண்ணை முதலில் முந்தானையை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, பிறகுதான் முகத்துக்கு வருவார்கள். அக்கா கல்யாணத்தின்போது நானும் அந்தப் படத்தைப் பார்த்து, என்ன கரை, என்ன கரை என்று வாயைப் பிளந்தவள்தான்.

நூற்றாண்டு விழா என்று மாமா முடிவு செய்துவிட்டார். பந்தல்காரரிடம் பேசியாயிற்று, நாதஸ்வரத்துக்குச் சொல்லியாயிற்று. அழைப்பிதழில் கடையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு. "நல்ல கனமா எழுதும்மா, பல்லவர்ல ஆரம்பிச்சாலும் பரவால்ல" என்றார். பல்லவர் காலத்தில் உங்களுக்கு ஜி.எஸ்.டி. நம்பர் உண்டா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை.

அட்டையில் போட வேண்டும் என்று படத்தைக் கழற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனோம். மாலை, பல்பு, சட்டம், சட்டத்துக்குள் ஓரங்களை மறைத்திருந்த தங்க நிறக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் முழுப் படம் வெளியே வந்தது. கணினியில் ஏற்றிப் பெரிதாக்கி எனக்கும் அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாறு படித்த பழக்கம், நடுவில் இருப்பதைப் பார்த்து முடித்துவிட்டு மூலைக்குப் போவேன். கீழ் மூலையில், அந்தப் பெண்ணின் காலடியில், ஒரு குடம் இருந்தது.

"மாமா, இது இன்னா?"

"குடம்."

"எந்தக் குடம்?"

"தண்ணிக் குடம்மா. கொள்ளு ஆயா தண்ணி குடிக்கமாட்டாங்களா?"

குடத்தின் கழுத்திலிருந்து அடிவரை ஒரு கோடு இறங்கியது. பித்தளைக் குடத்தில் அப்படிக் கோடு இருக்காது, தட்டி எடுக்கிறவர்கள் அதை விடமாட்டார்கள். அது அச்சில் இரண்டு பாதி சேர்கிற கோடு. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவிடம் பின்கட்டில் இருக்கிற குடத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சொட்டச் சொட்டப் பச்சை நிறப் பிளாஸ்டிக் குடத்தைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். போனைப் பக்கத்தில் வைத்தேன். அதே கழுத்து, அதே கோடு, வயிற்றில் அதே பூப்போட்ட வளையம்.

மாமா குனிந்து பார்த்தார். எழுந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். "வெள்ளிக் குடமா இருக்கும்" என்றார். வீடு வீடாகச் சேலை சுமந்தவருக்கு வெள்ளிக் குடம் எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டாள். "சீமையிலேர்ந்து வந்திருக்கும்" என்றார். அவரை விட்டிருந்தால் கப்பலையே வரவழைத்திருப்பார்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். வகுப்பில் மாதக் கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் புரியவைக்க முடியாததை ஒரு குடம் புரியவைத்துவிட்டது. "சேலையோட வயசு வேற, படத்தோட வயசு வேற மாமா. சேலை நூறு வருஷம் இருக்கலாம். யார் வேணா, எப்ப வேணா எடுத்துக் கட்டலாம். படத்துல எது கடைசியா பொறந்துதோ, அதுக்கு அப்புறம்தான் அந்தப் படம் எடுத்திருக்க முடியும். இந்தக் குடம் நம்ப ஊருக்கு வந்தது நீங்க பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்ன பின்னதான்" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். கரும்பலகை ஒன்றுதான் குறை.

"அப்ப இது யாரு?" என்றார் மாமா, எரிச்சலோடு.

பதில் என்னிடமிருந்து வரவில்லை. மூலையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த மாமாவின் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா என்று நான் சொல்வது அவரை வளர்த்தவரை. பெற்றவள், மாமா தவழ்கிற பருவத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர்தான் இவர். பெற்ற பிள்ளைக்கும் மேலாக வளர்த்தார், மாமாவும் அவரைத் தவிர யாரையும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. பெற்றவளைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அவள் போன துக்கத்தில் இரண்டு வீட்டாருக்கும் வார்த்தை தடித்து, அவள் பிறந்த தென்னேரியோடு போக்குவரத்தே நின்றுபோயிற்றாம். சின்ன வயதில் ஒரு தடவை மாமா அவள் படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அப்பா இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

அம்மா நாரைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார். "நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அந்தச் சேலை பொட்டியிலதான்பா இருந்துச்சு. என்னைக் கட்ட விட்டதில்ல. மூத்தவ கல்யாணத்துக்குக் கட்டுனதுன்னு உங்க அத்தை ஒரு தபா சொன்னாங்க. இந்தப் படத்த நானும் அவரு போனப்புறம்தான் பாத்தேன். எல்லாரும் கொள்ளு ஆயான்னீங்க, நானும் சரின்னுட்டேன்."

என் கொண்டாட்டம் அந்த இடத்திலேயே அடங்கிப்போனது. மாமா போனை எடுத்து, முதல் தடவையாகச் சேலையை விட்டுவிட்டு அந்தப் பூத்துப்போன முகத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க அது வெறும் புள்ளிகளாகச் சிதறியது.

"டீச்சரம்மா, நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமா சொல்ல முடியாது மாமா. இருக்கலாம்."

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது. பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பேன்: சான்று இருந்தால் 'இருந்தது', பாதிச் சான்று இருந்தால் 'இருக்கலாம்', இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள். இவ்வளவு நாளும் அதைச் சொன்னபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்திருக்கிறது.

"இன்னாம்மா இருக்கலாம்? இருக்கலாம்னு ஒரு அம்மாவ வெச்சிக்க முடியுமா? அவங்க இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, நான் பாட்டுக்கு விழா வேலையப் பாக்கறேன். ஆமான்னா ஆமான்னு சொல்லு. நடுவுல நிக்க வெச்சிட்டு இருக்கலாம்ன்றியே!"

கோபமாகத்தான் கேட்டார். கண் கலங்கியிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து எல்லா வருஷமும் ஒரு குரல் வரும், "பரீட்சை முடிஞ்சா மறந்துடப் போறோம், செத்தவங்க கதை எதுக்கு மிஸ்?" என்று. பாடப்புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொல்லி உட்கார வைத்துவிடுவேன். நாற்பத்தைந்து வயது மனிதர், செத்துப்போன ஒருத்தி யார் என்று தெரியாமல் என் முன்னால் தவித்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பாடப்புத்தகப் பதிலில் ஒரு வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"அவளுக்குத் தம்பி ஒருத்தரு தென்னேரியில இருக்காரு. போய்க் கேட்டுட்டு வாயேன், அதுக்கு இன்னா?" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "வெறுங்கையோட போவ விடாத, பூவும் பழமும் வாங்கிக்கினு போங்க" என்றார். அந்தக் குரலில் ஒரு சிறு கசப்பு இருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. அந்த அம்மாவை எனக்கு எப்போதுமே பிடிக்கும், அன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். படத்தைக் கடைப் பைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். வாலாஜாபாத்தில் டீ குடிக்க நின்றபோது அவருக்கு வகுப்பெடுத்தேன். போனதும் யார் என்று சொல்லிவிடக் கூடாது. 'இது எங்கம்மாவா' என்று கேட்கவே கூடாது, அப்படிக் கேட்டால் பாவம் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். படத்தை நீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அவராக என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். "வாயத் தொறந்தா ஏன்னு கேளு" என்றார்.

ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய மாடி வீடு. வாசலில் டிராக்டர், டிராக்டரில் கட்சிக் கொடி. வெள்ளை வேட்டி கட்டியவர், எங்களை மனு கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு, "உள்ள வாங்க, உக்காருங்க, இன்னா விஷயம்?" என்றார். காஞ்சிபுரத்திலிருந்து வருகிறோம், ஒரு படம் காட்ட வேண்டும் என்று நான் பக்குவமாக ஆரம்பித்தேன். பையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமா உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வரிசையாக மாட்டியிருந்த படங்களில் ஒன்று, எங்கள் படம். அதே வாசல், அதே சேலை, காலடியில் அதே குடம். ஈரம் படவில்லை. முகம் முழுசாக இருந்தது. கொஞ்சம் தூக்கின பல், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். அந்த வாயை நான் தினமும் பார்க்கிறேன். அக்கா கணக்குக் கேட்கும்போது மாமா அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

"அம்மா" என்றார் மாமா, சத்தமாகவே.

என் வகுப்பு அதோடு கலைந்தது. வெள்ளை வேட்டிக்காரர் அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "நீ... எங்க அக்கா புள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடாமல் விடவில்லை. ஏரி மீன் குழம்பு. சாப்பிடும்போது அவர் சொல்லச் சொல்ல எனக்குள் இருந்த டீச்சரம்மா மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது எடுத்த படமாம். வாலாஜாபாத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து, வீட்டுக்கு ஒன்றாக இரண்டு பிரதி போட்டார்களாம். கடை திறந்த வாசல் என்று நாங்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தது, இடித்துக் கட்டுவதற்கு முன்பிருந்த இந்தத் தென்னேரி வீட்டு வாசல்.

"குடம் எதுக்குங்க கல்யாணப் படத்துல?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதக் கேக்கறியா! சீருக்குப் பித்தளை, எவர்சில்வர் எல்லாம் வெச்சாச்சு. இவ சந்தையில பிளாஸ்டிக் குடத்தப் பாத்துட்டா. செவப்புக் குடம். ஊருல யாரும் வாங்கல அப்ப. அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கிக்கினா. போட்டோ எடுக்கறப்ப போட்டோக்காரரு, குடத்த அப்பால வைம்மான்னாரு. முடியாதுன்னுட்டா. சேலை அவங்க ஊட்டுது, குடம் என்னுது, அது இல்லாம நிக்கமாட்டேன்னா. இன்னா வாய்ன்ற!"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. படம் இல்லை என்று மகனிடம் சொன்ன அப்பா, அதே படத்தை அதே சேலைக்குள் மடித்து ஏன் சாகும்வரை வைத்திருந்தார்? திரும்பி வரும் வழியில் மாமா எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தார். ஒன்றுக்கும் சான்று கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

நூற்றாண்டு விழா நடக்கவில்லை. கடையை ஆரம்பித்தது அப்பாதான், அதுவும் மாமா கைக்குழந்தையாக இருந்த காலத்தில்தான் என்று மெல்ல மெல்ல விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பந்தலுக்குச் சொன்னதைத் தென்னேரிக்காரர்களுக்கும் எங்களுக்குமான விருந்தாக மாமா மாற்றிவிட்டார். நாதஸ்வரம் அதிலும் உண்டு, சொன்னால் சொன்னதுதானாம். எதிர்க் கடையில் எழுபத்தைந்து இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் ஆதாரத்தையும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். "வேணாம்மா, பொழச்சிப் போவட்டும்" என்றார்.

அதெல்லாம் பிறகு. அன்று சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டு, ஏரிக்கரை வரை எங்களோடு நடந்து வந்தார் அந்தத் தாய்மாமன். தண்ணீர் நிரம்பி, காற்றில் கரையை அடித்துக்கொண்டிருந்தது. மாமா வழியெல்லாம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு என்ன பிடிக்கும், பாடுவாங்களா, கோபம் வருமா. நான் சொல்லிக்கொடுக்காமலே நல்ல கேள்விகள். ஸ்கூட்டரில் சாவியைப் போட்ட பிறகு, கடைசியாக, என் பக்கம் பார்க்காமல், கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்.

"எனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டாங்கன்னு சொல்வாங்க. என்ன எப்படிக் கூப்பிடுவாங்க மாமா?"

தாய்மாமன் யோசித்தார். பொய்யாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை.

"கூப்பிட்டு நான் கேட்டதில்லப்பா. கூப்பிடறதுக்கு நீ எங்க தள்ளி இருந்த? இடுப்ப விட்டு எறக்கனாதான?"